'ஆண்மை ஊசி' யாருக்கு மருந்து?

(சங்க வாசகசாலையில் ஞாயிறு மாலை நடைபெற்ற ஆரோக்கியப் பேச்சு)

சென்ற கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தோழர் எங்களைத் தனியே அழைத்துப் போய், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு சீட்டைக் காட்டினார். டவுனில் ஒரு லாட்ஜ் அறையில் மாதம் இரண்டு நாள் வந்து தங்கும் 'வைத்தியர்' ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டு அது. தோழருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது. குழந்தை இல்லை. "உனக்கு நரம்பிலே பலமில்லை, ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி நாலு மாதமாக ஊசி போட்டு வருகிறார்கள். அவர் மனைவியின் காதுத்தோடு அடகுக் கடையில் இருக்கிறது. சீட்டில் எழுதியிருந்த மருந்தின் பெயர் டெஸ்டோஸ்டெரோன்.

அவருடைய அனுமதியின் பேரில்தான், பெயரைச் சொல்லாமல், இதை இங்கே சொல்கிறோம். பின்னால் மறுபடியும் அவரிடம் வருவோம். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, கடன் வாங்கி, இருட்டறையில் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த ஊசி என்ன, அது யாருக்கு மருந்து, யாருக்குக் கேடு என்பதை வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுவதே இன்றைய வேலை. இங்கே தாய்மார்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

சேவல் சொன்ன பதில்

உழவு மாட்டோடு பழகியவர்களுக்கு ஆரம்பப் பாடம் தேவையில்லை. காயடிக்காத காளைக்குத் திமில் ஓங்கும், கழுத்து தடிக்கும், கண்ணில் முறைப்பு நிற்கும். அதே கன்றை இளம் வயதில் காயடித்துவிட்டால் வண்டிக்கும் ஏருக்கும் அடங்கி நடக்கிற எருதாகிறது. விதையில் ஏதோ ஒன்று உண்டாகி உடம்பெங்கும் போய் வேலை செய்கிறது என்பதை உழவன் எத்தனையோ தலைமுறைகளாக அறிவான். அந்த ஏதோ ஒன்று என்ன என்பதைத்தான் விஞ்ஞானம் சுமார் நூறு வருஷம் தேடியது.

1849-ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் என்ற ஊரில் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் சேவல்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். விதையை எடுத்துவிட்ட சேவலுக்குக் கொண்டை வாடிப்போகும், அது கூவாது, சண்டைக்கும் போகாது. அவர் எடுத்த விதையைச் சேவலின் வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துத் தைத்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் கொண்டை மறுபடி சிவந்தது. சேவல் கூவிற்று, மற்ற சேவலோடு மல்லுக்கும் நின்றது. அப்படியானால் அந்தப் பொருள் நரம்பு வழியே போகவில்லை, ரத்தத்தின் வழியேதான் போகிறது என்று ஏற்பட்டது. "நரம்புத் தளர்ச்சி, நரம்புப் பலம்" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற வைத்தியர்களுக்கு ஒரு சேவல் 1849-லேயே பதில் சொல்லிவிட்டது!

ஆனால் விஞ்ஞானிகளும் ஏமாறாமல் இல்லை. 1889-ல் பிரான்ஸில் பிரௌன்-செகார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தமது 72-ம் வயதில், நாயின் விதையையும் கினிப்பன்றியின் விதையையும் பிழிந்த சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதென்று பாரிஸ் உயிரியல் சபையில் பிரகடனம் செய்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யும் அளவுக்கு மருந்து இருந்திருக்கவே முடியாது என்று பிற்பாடு தெரிந்தது. டெஸ்டோஸ்டெரோன் தண்ணீரில் கரையாது. கிழவருக்கு வந்த தெம்பு நம்பிக்கையினால் வந்த தெம்பு. 1920-களில் வோரோனாஃப் என்ற சர்ஜன் குரங்கின் விதையைச் சீவிப் பணக்காரக் கிழவர்களுக்கு வைத்துத் தைத்தார். இளமையை விலைக்கு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. அவர்களுக்கு விற்பவர்களுக்கும் பஞ்சமில்லை.

கசாப்புக் கூடத்திலிருந்து கிழங்குக் காட்டுக்கு

உண்மையான பொருள் எங்கே கிடைத்தது தெரியுமா? மே தினம் பிறந்த சிகாகோ நகரத்தில். அந்த ஊரின் பிரம்மாண்டமான கசாப்புக் கூடங்களில் கழித்துப் போட்ட காளை விதைகளை வாங்கி, 1927-ல் கோக், மக்கீ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 40 பவுண்டு விதையிலிருந்து சுமார் 20 மில்லிகிராம் சத்து எடுத்தார்கள். கைப்பெட்டி நிறைய விதை, கிடைத்தது ஓர் அரிசி மணியின் எடை! பியூட்டநான்ட் என்பவர் 1931-ல் போலீஸ்காரர்களின் மூத்திரத்தைப் பீப்பாய் பீப்பாயாகச் சேர்த்து, சுமார் 15,000 லிட்டரிலிருந்து இதே இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளை 15 மில்லிகிராம் பிரித்தெடுத்தார். போலீஸ்காரர்களால் உலகத்துக்கு நேர்ந்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1935-ல் ஹாலந்தில் லாக்கர் என்ற பேராசிரியரின் குழு 100 கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் தூய பொருளைப் பிரித்து, அதற்கு டெஸ்டோஸ்டெரோன் என்று பெயர் வைத்தது. ஓர் ஆரோக்கியமான ஆண் ஒன்றரை நாளில் தன் உடம்பில் உண்டாக்குகிற அளவுதான் அது. லாக்கரோடு சேர்ந்திருந்த ஆர்கனான் கம்பெனி ஓர் இறைச்சிக் கம்பெனியின் வயிற்றில் பிறந்தது. கழிவை விட்டுவிட முதலாளிக்கு மனமில்லை. அதே 1935-ல் ஷெரிங் கம்பெனியின் துணையோடு பியூட்டநான்டும், சீபா கம்பெனியின் துணையோடு ரூசிச்காவும், கொலஸ்டிராலிலிருந்து இந்தப் பொருளை ரசாயன முறையில் செய்துவிட்டார்கள். இருவருக்கும் 1939-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பியூட்டநான்ட் அதை வாங்கக்கூடாதென்று ஹிட்லர் சர்க்கார் தடுத்துவிட்டது.

கம்பெனிகளோ சண்டை போடவில்லை. ஐரோப்பாவின் ஹார்மோன் கம்பெனிகள் தங்களுக்குள் பேட்டண்டுகளையும் சந்தையையும் பங்கு போட்டுக்கொண்டு விலையை உச்சியில் நிறுத்தின.

இந்தக் கோட்டையை உடைத்தது ஒரு காட்டுக் கிழங்கு. ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர், கள்ளி கற்றாழை கிழங்குகளையெல்லாம் ஆராய்ந்து, மெக்ஸிகோவின் வெராகுருஸ் காட்டில் விளையும் ஒருவகை வள்ளிக்கிழங்கிலிருந்து ஹார்மோன் செய்யும் மூலப்பொருளைக் கண்டார். அமெரிக்கக் கம்பெனிகள் அவருக்குக் காது கொடுக்கவில்லை. 1944-ல் மெக்ஸிகோ நகரத்திலேயே சின்டெக்ஸ் என்ற கம்பெனி ஆரம்பமாயிற்று. மார்க்கர் சீக்கிரமே சண்டையிட்டுக்கொண்டு வெளியேறினார். அவருக்குப் பின் வந்தவர்கள் டெஸ்டோஸ்டெரோனையும் அதே கிழங்கிலிருந்து செய்தார்கள். விலை தடதடவென்று சரிந்தது.

அந்தக் கிழங்கை, அதன் பெயர் பார்பாஸ்கோ, தோண்டியது யார்? நிலமில்லாத, அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கிற மெக்ஸிகோ விவசாயிகள். காட்டில் பாம்புக்கும் கொசுவுக்கும் நடுவே தோண்டி, முதுகில் சுமந்து வந்து, தரகனிடம் எடைக்குப் போட்டார்கள். உலக ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் தங்கள் கிழங்கு மருந்தாகப் போகிறதென்பது அவர்களில் பலருக்கு வெகுகாலம் தெரியாது. 1975-ல் மெக்ஸிகோ சர்க்கார் இந்தக் கிழங்கு வியாபாரத்துக்கென ஒரு பொதுத்துறைக் கம்பெனியை அமைத்து, தோண்டுகிறவர்களுக்கு விலையைக் கூட்ட முயன்றது. பன்னாட்டுக் கம்பெனிகள் என்ன செய்தன? வேறு மூலப்பொருளுக்குத் தாவிவிட்டன. சோயா எண்ணெய் எடுக்கும்போது கிடைக்கும் ஒரு பொருளை நுண்ணுயிர்களைக் கொண்டு மாற்றி ஹார்மோன் செய்யும் முறை வந்துவிட்டது. காட்டில் கிழங்கு கிடந்தது, கூடை காலியாயிற்று. நம் ஊரில் பருத்தியையும் கடலையையும் விளைவித்துவிட்டு விலை கேட்டு நிற்கிறவர்களுக்கு இந்தக் கதையில் விளக்கம் எதுவும் தேவையில்லை.

குழந்தை வேண்டுமென்றால் இந்த ஊசி கூடாது

இப்போது நம் தோழரிடம் வருவோம். மூளையின் அடியில் மொச்சைக்கொட்டை அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. அதுதான் மேஸ்திரி. விதைக்கு இரண்டு உத்தரவு அனுப்புகிறது: ஹார்மோன் செய், விந்தணு செய். ரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் போதுமான அளவு இருந்தால் உத்தரவைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். மில்லில் வெளியூர் நூல் லாரி லாரியாக வந்து இறங்கினால் மானேஜர் என்ன செய்வார்? உள்ளே கதிர்களை நிறுத்திவிடுவார் அல்லவா? அதேதான் இங்கும். ஊசி மூலம் டெஸ்டோஸ்டெரோன் வந்து குவிந்ததும் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடுகிறது. விதை வேலை நிறுத்தம் செய்கிறது, சுருங்குகிறது. விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது.

இது எங்கள் ஊகமல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் பல நாடுகளில் ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டு நடத்திய ஆராய்ச்சி 1990-ல் வெளிவந்தது. எதற்காக அந்த ஆராய்ச்சி? ஆண்களுக்கான கர்ப்பத்தடை மருந்தாக இது பயன்படுமா என்று பார்ப்பதற்காக! பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போயிற்று. ஊசியை நிறுத்தியபின் திரும்பி வந்தது.

கேட்டீர்களா தோழர்களே! உலகம் கர்ப்பத்தடைக்கென்று சோதித்த மருந்தைக் குழந்தை வேண்டுமென்று கேட்டு வந்தவருக்குப் போட்டிருக்கிறார் லாட்ஜ் வைத்தியர். அதற்குக் காதுத்தோட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். தம்பதிகளுக்குக் குழந்தை இல்லையென்றால் இருவரையும் பரிசோதிக்க வேண்டும். ஆணுக்கு முதல் பரிசோதனை விந்தணுப் பரிசோதனை. சொற்பச் செலவு. அதைச் செய்யாமல் ஊசியை எடுக்கிறவன் கையில் ஊசி இருக்கவே கூடாது. பெண்ணை மட்டும் கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைக்கழிக்கிற வழக்கத்தையும் இந்தச் சந்தர்ப்பத்தில் கண்டித்து வைக்கிறோம்.

விந்தணு வேறு, ஆண் ஹார்மோன் வேறு. இதைத் தொழிலாளிகளே உலகத்துக்குக் கண்டு சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1977-ல் கலிபோர்னியாவில் லாத்ரோப் என்ற ஊரில், டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லி மருந்து தயாரித்த ஆலையில், தொழிலாளிகள் பேசிக்கொண்டிருந்தபோது தங்களில் யாருக்கும் குழந்தையே பிறக்கவில்லையே என்று கவனித்தார்கள். சங்கத்தின் மூலம் பரிசோதனை நடந்தது. தாடி, குரல், தெம்பு எதிலும் குறையில்லை. விந்தணு மட்டும் அழிந்திருந்தது. அந்த மருந்து எலிகளின் விதையைக் கெடுக்கிறதென்று 1961-லேயே பிரசுரமாகியிருந்தது. தொழிலாளிக்குத்தான் யாரும் சொல்லவில்லை. அமெரிக்கப் பெருநிலத்தில் 1979-ல் அதைத் தடுத்தார்கள். அதற்குள் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் அதைத் தெளித்த கூலிகள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுக்கும்படி ஆயிற்று. பூச்சிமருந்து தெளிக்கப் போகிற விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதை நினைவில் வையுங்கள். விஷத்தால் போன விந்தணுவை இந்த ஊசி மீட்டுத் தராது.

விரியன் கடித்த பிறகு

அப்படியானால் இந்த ஊசி யாருக்கும் வேண்டாமா? வேண்டும். வேண்டியவர்களுக்கு இது சோற்றைப் போல அவசியம்.

பதினேழு பதினெட்டு வயதாகியும் குரல் உடையாமல், மீசை அரும்பாமல், சின்னப் பையனைப் போலவே நிற்கிற வாலிபர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் இருக்கிறார்கள். ஊர் அவர்களைக் கேலி செய்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே மேஸ்திரியின் உத்தரவு கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு மல்லிகைப் பூவின் வாசனைகூடத் தெரியாது. சிலருக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் விதை வளர்வதில்லை. பிறக்கிற ஆண் குழந்தைகளில் சுமார் அறுநூறில் ஒன்றுக்கு இது உண்டு. விதை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட குழந்தைகளும் உண்டு. அதைக் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். வயது வந்தபின் பொன்னுக்குவீங்கி வந்து விதை வீங்கிக் கெட்டவர்கள், அடிபட்டு இழந்தவர்கள், புற்றுநோய்க்காக எடுக்கப்பட்டவர்கள் என்று இன்னும் பலர்.

ஆனால் நம் வயற்காட்டுத் தோழர்களுக்கு மிக நெருக்கமான ஒரு காரணத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அது கண்ணாடி விரியன்.

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்களென்று ஓர் ஆராய்ச்சி 2020-ல் கணக்கிட்டது. இறந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். பிழைத்தவர்களின் கதையை யார் கணக்கிட்டார்கள்? விரியனின் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. அந்தக் குழப்பத்தில் சிலருக்குப் பிட்யூட்டரிக்குள்ளேயே ரத்தம் கசிந்தோ உறைந்தோ அந்தச் சுரப்பி செத்துப்போகிறது. 1987-ல் பர்மாவின் நெல் விவசாயிகளிடம் இதை டாக்டர்கள் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். தென்னிந்தியாவிலும் பார்த்திருக்கிறார்கள்.

இப்படி ஒருவரை நினைத்துப் பாருங்கள். அறுவடையில் கடிபட்டார். விஷமுறிவு ஊசி போட்டு, சிறுநீரகம் நின்று, டயாலிசிஸ் செய்து, பிழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் மூத்திரம் சரியாகப் போகிறதென்று பார்த்து அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து, அல்லது ஒரு வருஷம் கழித்து, உடம்பு தள்ளாடுகிறது. குளிர் தாங்கவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை சவரம் செய்தவருக்கு மாதமொரு முறைகூடத் தேவையில்லை. அக்குள் முடி உதிர்கிறது. மனைவியிடம் நாட்டமில்லை. மேஸ்திரி "சோம்பேறி" என்கிறார். உறவினர் "பாம்பு தோஷம்" என்கிறார்கள். மந்திரவாதி சேவல் கேட்கிறான். உண்மையில் அவருக்கு உள்ளே உத்தரவு போடும் சுரப்பி இல்லை. அவ்வளவுதான்.

இவருக்கும் டெஸ்டோஸ்டெரோன் வேண்டும். ஆனால் அது முதலில் அல்ல. இதை நன்றாகக் கவனியுங்கள். பிட்யூட்டரி செத்தால் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் நின்றுபோகும். அது இல்லாமல் உயிரே நிற்காது. ஒரு காய்ச்சல் வந்தாலே சுருண்டு விழுந்து இறக்கலாம். ஆகவே முதலில் அதை ஈடு செய்யும் மாத்திரை. பிறகு தைராய்டு மாத்திரை. இந்த வரிசையை மாற்றக்கூடாது. அதன் பின்னரே ஆண் ஹார்மோன். "ஆண்மைக் குறைவு" என்று எடுத்த எடுப்பில் இந்த ஊசியைப் போட்டுக் காசு வாங்குகிறவன், நோயாளி சாகக்கூடிய உண்மையான காரணத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறான். கடிபட்டுப் பிழைத்த தாய்மார்களுக்கும் இதே கதி வரலாம். மாதவிலக்கு நின்றுபோவது ஓர் அடையாளம். அவர்களுக்குக் கடைசியில் தரும் ஹார்மோன்தான் வேறு. 2024 நவம்பரில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டுமென்று தமிழ்நாடு சர்க்கார் உத்தரவிட்டது. நல்லது. கடிபட்டவர் வீடு திரும்பிய பிறகும் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டு ஹார்மோன் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதையும் நாம் கோரிக்கையில் சேர்க்க வேண்டும்.

இவர்களில் யாராவது குழந்தை வேண்டுமென்றால், டெஸ்டோஸ்டெரோன் அல்ல, மேஸ்திரியின் உத்தரவுக்குப் பதிலாக உள்ள வேறு ஊசிகள் இருக்கின்றன. விதை நன்றாயிருந்து பிட்யூட்டரி மட்டும் கெட்டவர்களில் பலருக்கு அவற்றால் விந்தணு வந்துவிடுகிறது.

எண்ணெயில் கரைந்த மருந்து

ஏன் மாத்திரையாகத் தரக்கூடாது என்று ஒரு தோழி கேட்டார். நல்ல கேள்வி. வெறும் டெஸ்டோஸ்டெரோனை விழுங்கினால் குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போய் அங்கேயே அழிந்துவிடுகிறது. ஊசியாகப் போட்டாலும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆகவே அதோடு ஒரு கொழுப்பு அமிலத்தை வாலாகக் கட்டி, எண்ணெயில் கரைத்து, சதைக்குள் ஆழமாகப் போடுகிறார்கள். எண்ணெயிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரத்தத்தில் சேருகிறது. வால் நீளமானால் மருந்து நிற்கும் காலமும் நீளும். 1930-களில் வந்த புரோப்பியோனேட் ரகத்தை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும். 1950-களில் வந்த எனந்தேட் ரகத்தை 250 மில்லிகிராம் வீதம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். 2000-க்குப் பிறகு பரவிய அன்டெக்கனோயேட் ரகம் 1,000 மில்லிகிராம்; ஆரம்பத்துக்குப் பின் பத்து முதல் பதினாலு வாரத்துக்கு ஒன்று.

எண்ணெய் என்றால் ஏதோ சீமை எண்ணெய் என்று நினைக்க வேண்டாம். ஒரு ரகத்தில் கடலை எண்ணெய், ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் பருத்திக்கொட்டை எண்ணெய், நீண்டகால ரகத்தில் ஆமணக்கெண்ணெய்! எல்லாம் உங்கள் கை விளைவித்தவைதான். கடலை தின்றால் உடம்பு தடிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் முன்னமேயே சொல்லிவிட வேண்டும். புட்டத்தில் நிதானமாகப் போட வேண்டிய ஊசி இது. எண்ணெய்த் துளி ரத்தக் குழாயில் ஏறிவிட்டால் திடீரென்று இருமலும் மூச்சுத் திணறலும் வரும். அதனால்தான் நீண்டகால ரகத்தைப் போட்டபின் அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்கள். வண்டியைப் பிடிக்க ஓடாதீர்கள்.

பழைய ரக ஊசி ஒன்று ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். புது ரகத்துக்குப் பல நாள் கூலி வேண்டும். பழைய ரகத்தில் போட்ட சில நாள் உற்சாகம் பொங்கும், மூன்றாம் வாரம் வடியும். அந்த ஏற்ற இறக்கம் ஏழைக்கு விதித்ததாக இருக்கிறது.

போடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒருமுறை போதாது, வெவ்வேறு நாளில் இரண்டு முறை, காலையில், வெறும் வயிற்றில். காய்ச்சல் படுக்கையில் இருக்கும்போது எடுக்கக்கூடாது. நைட் ஷிப்டு தோழர்களே, உங்களுக்கு ஒரு தனி விஷயம்: இந்த ஹார்மோன் தூங்கி எழும் வேளையில்தான் உச்சத்தில் இருக்கும். ராத்திரி முழுதும் மெஷினில் நின்றுவிட்டுக் கண் எரிய வந்து ரத்தம் கொடுத்தால் கணக்கு குறைவாகக் காட்டலாம். நன்றாகத் தூங்கி எழுந்த உடனே கொடுங்கள். ஷிப்டு விவரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கமில்லாமையும் அதிக வேலையும் உண்டாக்கிய அசதிக்கு இந்த ஊசி மருந்தல்ல. அந்த நோய்க்கு மருந்து வேறு; அதைச் சங்கத்தில் பேசிக்கொள்வோம்.

ஊசி தொடங்கியவர்களுக்கு ரத்தம் கெட்டிப்படும். சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் நிறுத்தி வைக்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. 2023-ல் இருதய ஆபத்துள்ள ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க ஆண்களிடம் இதே மருந்தைத் தோலில் தடவும் பசையாகக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியில் மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இருதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்றுக் கூடுதலாக இருந்தன. இவர்கள் ஹார்மோன் குறைவென்று பரிசோதித்துச் சேர்க்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

குறைவில்லாதவர்களுக்கு விற்பதுதானே வியாபாரம்! அமெரிக்காவில் "உங்களுக்கு அசதியா, வயதாகிறதா? ஹார்மோன் குறைவாக இருக்கலாம்" என்று டெலிவிஷனில் ஓயாமல் விளம்பரம் செய்தார்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் இதன் உபயோகம் மும்மடங்குக்கு மேல் ஆயிற்று. அவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு ரத்தப் பரிசோதனையே நடக்கவில்லை. வயோதிகத்துக்கு இது மருந்தென்று நிரூபணமாகவில்லை என 2015-ல் அந்நாட்டு மருந்து அதிகார சபையே எச்சரிக்க நேர்ந்தது. நம் நாட்டில் ஆண்மை மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருக்கிறது; சுவரிலும் நோட்டீஸ் இருக்கிறது.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற வாலிபத் தோழர்களுக்கும் சொல்ல வேண்டும். சதை ஏற வேண்டுமென்று இதை அளவுக்கு மீறிப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போட்டுக்கொள்கிறதும் நடக்கிறது. சதை ஏறத்தான் செய்யும். கூடவே விதை சுருங்கும். மார்பு பெண்ணினுடையதைப் போலப் பெருக்கலாம். இருதயச் சதை கெடும். பகிர்ந்த ஊசியால் மஞ்சள் காமாலையும் எய்ட்ஸும் வரும். நிறுத்திய பின் சொந்தச் சுரப்பு எழுந்திருக்கப் பல மாதமாகும். இதில் நம் முகாமின் தவறையும் மறைக்கக்கூடாது. கிழக்கு ஜெர்மனியில் 1970-களிலும் 80-களிலும் பதக்கத்துக்காக இந்த இனத்து மாத்திரைகளை இளம் விளையாட்டு வீராங்கனைகளுக்கு, வைட்டமின் என்று சொல்லிக்கூட, சர்க்கார் திட்டமாகவே கொடுத்தார்கள். அவர்களில் பலர் வாழ்நாள் நோயாளிகளானார்கள். சோஷலிசத்தின் பெயரால் நடந்ததென்பதற்காக அது சரியாகிவிடாது. உழைப்பாளி வீட்டுப் பெண்களின் உடம்பு பதக்கம் செய்யும் பட்டறையல்ல.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பெண்ணென்று பதிவாகி, ஆணாக வாழ்கிற திருநம்பிகள். அவர்களுக்கு இந்த ஊசி சதைக்காகவோ சபலத்துக்காகவோ அல்ல. தங்கள் உருவில் தாங்கள் வாழ்வதற்காக. 2014-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களுடைய உரிமையை ஏற்றது. 2019-ல் இயற்றிய சட்டம் ஹார்மோன் சிகிச்சைக்குச் சர்க்கார் வசதி செய்ய வேண்டுமென்று எழுதிற்று. ஆனால் ஊசிக்காகப் பல மைல் பஸ் ஏறுகிறவர்களும், டாக்டரின் முகச்சுளிப்புக்குப் பயந்து தாங்களே போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நம் சங்கத்திலும் உண்டு. அந்தச் சிரிப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

நேரமாகிவிட்டது. அந்தத் தோழர் லாட்ஜ் ஊசியை நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை காலை எங்களில் ஒருவர் அவரையும் அவர் மனைவியையும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். விந்தணு திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்; அதற்குள் மனம் தளரக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். விரியன் கடித்துப் பிழைத்தவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவர்களையும் அன்று கூட்டி வாருங்கள். பழைய சீட்டுகளையும், போட்ட ஊசி மருந்தின் காலி டப்பாவையும் கொண்டு வர வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அட்டையைக் கொண்டு வாருங்கள். முதல் பஸ் ஆறு மணிக்கு.